பாலத்தில் ஓடாத டிராம்

இன்று காலை உறையூரிலிருந்து ஒரு கட்சிக்காரி வந்தாள். வழக்கு விஷயம் பேசி முடிந்ததும் மடியிலிருந்து ஒரு வாழையிலைச் சுருளை எடுத்து என் மேசைமேல் பிரித்தாள். ஈர மஞ்சளும் குங்குமமும் கற்பூரமும் கலந்த வாசனை தென்னூர் வீட்டின் முன்னறை முழுக்கப் பரவியது. "எடுத்துக்குங்க ஐயா, வண்டிக்கல் சாமி குங்குமம். மக சீரங்கத்துல வலி கண்டு துடிச்சா. கல்லுக்கு ஒரு கற்பூரத்த ஏத்திட்டு வண்டியக் கெளப்புனோம். நல்லபடியா ஆஸ்பத்திரி போய்ச் சேந்து பொறந்திருக்கு."

"நான் ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போறவன்னு தெரியும்ல?" என்றேன்.

"உங்க சாமி இதுக்கெல்லாம் கோவிச்சுக்காதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். வாசனை மட்டும் போகவில்லை. சன்னலைத் திறந்து வைத்தேன், ஒரு நாழிகை முற்றத்தில் உலாத்தினேன், திரும்பி வந்து பார்த்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அந்த வண்டிக்கல் சாமி இல்லை என்று சத்தியம் செய்யக்கூடியவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். அதில் ஒருவன் நீ, நீ இப்போது இல்லை.

அந்தக் கல்லை நட்டபோது நீயும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். ஜங்ஷனிலிருந்து கோட்டை வழியாக, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் வரை டிராம் விட்டால் என்ன என்று இரண்டு கரை நகரசபைகளும் சேர்ந்து யோசித்த காலம் அது. நீ அந்தக் கரை ஸ்ரீரங்கத்து உறுப்பினன், நான் இந்தக் கரை உறுப்பினன். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்ட நமக்கு, கூட்டுச் சபையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட அரசாங்கமே வசதி செய்து கொடுத்திருந்தது. தடம் அளக்க வந்த சர்வேக்காரர் பாலத்தின் ஸ்ரீரங்கத்துக் கோடியில், வண்டி நிற்கவேண்டிய இடம் இது என்று ஒரு கல்லை நட்டு, அதன் தலையில் சிவப்புச் சாயம் பூசினார். நட்ட கல்லுக்குச் சிவப்புப் பூசினால் நம் ஊரில் என்ன ஆகும் என்பது வெளியூர்க்காரரான அவருக்குத் தெரியவில்லை.

வந்த வெள்ளிக்கிழமையே மஞ்சள் ஏறிவிட்டது. பிறகு அரளி மாலை, பிறகு அகல் விளக்கு. நீ தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு போய் மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாய். அங்கே பூ விற்கிற அம்மாள் உன்னைப் பிடித்துக்கொண்டாள். "வழிக்குத் துணையா நிக்குது, உங்கள என்னங்க பண்ணுச்சு?"

"அது சாமி இல்லேம்மா. அங்கே வண்டி வந்து நிக்கும்."

"எப்ப வரும்?"

"வரும்."

நேரம் கேட்டவளுக்கு நேரம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது இன்னும் தீர்மானமாகவில்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ வெறுமனே வரும் என்றாய். அவள் அதை ஊர் முழுக்கச் சொன்னாள். அதற்கப்புறம்தான் கல்லுக்கு வண்டிக்கல் என்று பெயர் வந்தது.

நீ எதற்காக அந்த டிராமைக் கேட்டாய் என்று சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன் மனைவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நாம் வாதம் செய்கிற நேரமெல்லாம் "அண்ணா, காப்பி ஆறிடும், குடிச்சுட்டுச் சண்டை போடுங்கோ" என்பாள். ஒரு வைகுண்ட ஏகாதசியன்று அவளுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. ஜட்காவில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாய். சொர்க்கவாசல் பார்க்கப் போகிற கூட்டமும் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டமும் பாலத்தில் முட்டிக்கொண்டு நின்றன. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் நடுப்பாலத்திலேயே அவள் உன் மடியில் அடங்கிப்போனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஏகாதசியில் போனவள் கொடுத்து வைத்தவள், நேரே வைகுண்டம்தான். நீ ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாய். அவர்கள் போனதும் என்னிடம் சொன்னாய்: "வைகுண்டத்துக்கு வழி இருக்காம்டா. ஆஸ்பத்திரிக்குத்தான் இல்லே."

சபையில் நீ அவளைப் பற்றி மூச்சு விடவில்லை. பயணிகள், வருமானம், மின்சாரம் என்று பேசினாய். நான் எழுந்து மறுத்தேன். பாலம் கிழடு, தண்டவாளத்தைத் தாங்குமா என்றேன். உறையூர் நெசவாளி எங்கே போவதானாலும் நடந்துதான் போகிறான், அவன் ஏறாத வண்டிக்கு அவன் ஏன் வீட்டு வரி கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றேன். ஜட்காக்காரர்கள் குடும்பம் என்ன ஆகும் என்றேன். மோட்டார் பஸ் வந்துகொண்டிருக்கிறது, அதற்குத் தண்டவாளமும் வேண்டாம் கம்பியும் வேண்டாம் என்றேன். நீ நிதானமாக எழுந்தாய்.

"பஸ் கூட்டத்துல நின்னுடும். மாட்டு வண்டி குறுக்கே வந்தாலும் நின்னுடும். தண்டவாளம் போட்டுட்டா அது அந்த வண்டியோட பாதை. மணி அடிச்சா யாரா இருந்தாலும் ஒதுங்கித்தான் ஆகணும்."

அதைச் சொல்லும்போது நீ தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். நான் அப்போதும் எதிர்த்துத்தான் வாக்களித்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். கடனில் விழுந்த ஊருக்கு டிராம் ஓடினால் என்ன, விமானம் பறந்தால் என்ன? தீர்மானம் தோற்றது. வெளியே வந்ததும் நீ என் தோளில் கை போட்டு, "நன்னா பேசினேடா" என்றாய். திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு நீ சாயங்காலங்களில் கல்லருகே போய் நிற்க ஆரம்பித்தாய். வெள்ளை வேட்டி, மேலே உத்தரீயம், கையில் குடை, வெளியூர் போகிறவன் மாதிரி. முதலில் நீ மட்டும். பிறகு பூக்கார அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு பெரிய கடைவீதியிலிருந்து அத்தர் விற்க வருகிற ஒரு பாய், பிறகு கைக்குழந்தையோடு யாரோ ஒருத்தி. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உன்னைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போக வந்த எனக்கு, அந்த வரிசையைப் பார்த்ததும் கிட்டே வரவே கால் கூசியது.

"எதுக்குடா இங்க நிக்கிற? வா, போகலாம்" என்றேன்.

"கல்லுல கைய வை."

வைத்தேன். வெயில் தாழ்ந்து வெகு நேரமாகியும் கல் சுட்டது. உள்ளே ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது, தூரத்தில் இரும்பின்மேல் இரும்பு உருள்கிற மாதிரி. ரயில் பாலத்தில் வண்டி போகிறது என்று சொல்ல வாயெடுத்து அந்தப் பக்கம் பார்த்தேன். ரயிலும் இல்லை, புகையும் இல்லை. கீழே காவிரி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பூக்கார அம்மாள் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, வர்ற நேரம்" என்றாள். நான் தள்ளித்தான் நின்றேன். எதுவும் வரவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் ஏதோ கடந்து போனதைப் பார்த்த மாதிரி ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினீர்கள். அதன் பிறகு அவரவர் வழியில் கலைந்து போனீர்கள், நீ என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாய்.

நீ நோயில் விழுந்ததும் இன்னொரு வைகுண்ட ஏகாதசியன்றுதான். அன்று நான் உன் வீட்டில் இருந்தேன். ஜட்காவில் வைக்கோலைப் பரப்பி உன்னைப் படுக்க வைத்து, உன் தலையை நான் மடியில் தாங்கிக்கொண்டேன். பாலத்தின் வாய்க்கு வந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணுக்கெட்டிய வரை தலைகள்தான். வண்டிக்காரர் சாட்டைக் கம்பைச் சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்துக் கடகடவென்று சத்தம் எழுப்பினார். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்டிருக்காது. உன் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

அப்போது கூட்டம் ஒதுங்கியது. யாரும் தள்ளவில்லை, அதட்டவில்லை. பாலத்தின் இரு பக்கக் கைப்பிடிச் சுவர்களோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் நேராக ஒரு பாதையை விட்டுவிட்டு நின்றார்கள். குதிரை தானாக ஓடியது. நான் இரண்டு பக்கத்து முகங்களையும் பார்த்தேன். ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை. எல்லோருடைய பார்வையும் எங்களுக்குப் பின்னால், ஜட்காவின் கூரையைவிட உயரமான ஏதோ ஒன்றின்மேல் இருந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. நீ மட்டும் சிரித்தாய். "பாத்தியா, ஒதுங்கறா" என்றாய். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மூணு டிக்கெட் வாங்கிடு" என்றாய்.

வண்டிக்காரரைச் சேர்த்துச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு எதற்கு டிக்கெட், அப்படியானால் மூன்றாவது ஆள் யார் என்று தோன்றியது ஆஸ்பத்திரி வாசலில்தான். அங்கே உன்னை இறக்கும்போது அந்த மனிதர் வெளிறிப்போய் என்னிடம் சொன்னார்: "சார், பின்னாடியே மணி அடிச்சுக்கிட்டு வந்துச்சுங்க. என் வண்டியில மணியே கிடையாதுங்க." டிராமில் காலால் மிதித்து அடிக்கிற மணி அது, பட்டணத்துக்குப் போனபோது நீயும் நானும் கேட்டிருக்கிறோம். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

நேரத்துக்குத்தான் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைக் கேட்டு நீ கண்ணை மூடிக்கொண்டாய். சில நாள் கழித்து, பகல் வேளையில், வலியில்லாமல் போய்விட்டாய். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. காப்பாற்றிய பிறகு போவதற்கு உனக்கு என்ன அவசரம் என்று கட்டிலருகே நின்று சத்தமாகவே கேட்டேன். நர்ஸம்மா என்னை வெளியே அழைத்துப் போனார்.

இப்போது மறுபடியும் டிராம் பேச்சு எழுந்திருக்கிறது. புது உறுப்பினர் ஒருவர் வந்து என் அபிப்பிராயம் கேட்டார். செலவு கட்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வைகுண்ட ஏகாதசிதோறும் நான் அந்தப் பாலத்தில் நடக்கிறேன். கோயிலுக்குப் போக எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நடக்கிறேன், அவ்வளவுதான்.

போன ஏகாதசியன்று நடுப்பாலத்தில் கூட்டம் பிளந்தது. தாய்மார்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டார்கள். வண்ணாரின் கழுதைகூட ஓரத்துக்கு நகர்ந்தது. நானும் சுவரோடு ஒண்டினேன். வெறும் சாலைதான் இருந்தது. எதிர் வரிசையில் நின்றவர்களின் வேட்டி நுனிகளும் சேலைத் தலைப்புகளும் ஸ்ரீரங்கத்துக் கோடியிலிருந்து ஒவ்வொன்றாக அசைந்துகொண்டே வந்து, எனக்கு நேரே அசைந்து, இந்தக் கரையை நோக்கிப் போயின. நான் என்னையறியாமல் கையைக் காட்டினேன். நிற்கவில்லை.

பக்கத்தில் நின்றவர் கேட்டார்: "யாருங்க, தெரிஞ்சவங்களா?"

"என் சிநேகிதன். பொண்டாட்டிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறான்."

"நேரத்துக்குப் போயிடுவாங்களா?"

"போயிடுவாங்க" என்றேன். கூட்டம் மூடிக்கொண்டது. வக்கீலாகி இத்தனை வருஷத்தில் ஆதாரமே இல்லாமல் நான் உறுதியாகச் சொன்ன ஒரே பதில் அதுதான். அதை மட்டும் நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.