அஷ்டமிக்காக மாற்றிய டிக்கெட்

வியாழன், இரவு

அப்பாடா. மாமியாரின் ஏர்லைன் மெம்பர் நம்பர் பிளேன் டிக்கெட்டில் மறுபடி ஏறிவிட்டது.

சென்னையில் நாத்தனாருக்கு வளைகாப்பு. மாமியார் கிளம்பும் நாள் அஷ்டமி என்று நேற்றுதான் காலண்டரில் பார்த்தார். "அஷ்டமில யாராச்சும் பிளேன் ஏறுவாங்களா?" என்று ஒரே பிடிவாதம். நானே போனில் தேதியைத் தள்ளிப் போட்டேன். மாற்றி வந்த டிக்கெட்டில் எந்தக் கிளாஸ் என்று காட்டும் எழுத்து வேறு. மெம்பர் நம்பரையே காணோம். அந்த நம்பர் இருந்தால்தான் கூடுதல் எடைக்கு விடுவார்கள். பலகாரமும் ஒயிட் காபிப் பாக்கெட்டுகளுமாகப் பெட்டியை அவர் ஏற்கெனவே அடைத்தாயிற்று. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

காலையில் இங்கே பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டிக்கெட் கடைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் சிரித்தாள். "டேட் மாத்துனா சில நேரம் நம்பர் விட்டுப் போயிரும்க்கா. திரும்பப் போட்டுட்டேன். இந்தக் கிளாஸுக்குப் பாயிண்டும் கூட வரும் லா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பாத்தியா, நல்ல நாள் பாத்ததோட பலன்!" என்றார் மாமியார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

படுக்கும் முன் டிக்கெட்டை இன்னொரு தரம் பார்த்தேன். திரும்பி வரும் நாள் நவமி.

காலண்டரைக் கழற்றி என் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.