கோட்டை நகர்த்த மாட்டேன்

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கணவர் தமிழ்ச்செல்வன் அவர்களுக்கு, அனுஷா எழுதுவது.

அத்தையும் நானும் சுகம். மாமாவும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். தோகாவில் வெயில் கடுமை என்று செய்தியில் பார்த்தேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள். போனில் ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் நைனா சொன்னதைக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்வதையும் கேளுங்கள்.

திருவண்ணாமலை ரோட்டு முச்சந்தியில் ரவுண்டானா அமைக்க, வரைபட வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. ஊர்க்காரி என்று என்னிடமே கொடுத்தார்கள். போன மழைக்காலத்தில் அந்த முனையில்தான் சிங்கவரத்து மோனிகா சைக்கிளோடு பஸ்ஸின் பின்சக்கரத்தில் சிக்கிக் காலை இழந்தாள். கம்ப்யூட்டரில் ரோட்டை வரைந்துவிட்டு, அதில் ஒரு நீளமான பஸ்ஸைத் திருப்பிப் பார்க்கலாம். சக்கரம் போகிற தடம் கோடாக விழும். பஸ் எதிலும் ஏறாமல் திரும்ப வட்டம் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக்கினால் நம் இரும்புக்கடையின் முன்பக்கம் போகிறது.

கோடு கடைக்குள் விழுந்ததைப் பார்த்ததும் அதை அழித்துவிட்டேன். வேறு எப்படி எப்படியோ வரைந்து பார்த்தேன். வழியில்லை.

பட்டா நிலம், பாடுபட்டுக் கட்டினது என்று மாமா கொதித்தார். அந்தக் கோபத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. வட்டத்தை எதிர்ப்பக்கம் தள்ளச் சொன்னார். தள்ளினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் நடைபாதையில் பின்சக்கரம் ஏறியது. லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து ஓட்டிக் காட்டினேன்.

"டிரைவரு பாத்து ஓட்டுவான். நீ கோட்ட நகத்தும்மா" என்றார்.

போனில் நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். அப்புறம் மாமா எங்கள் முதலாளியிடம் பேச, அவரும் நகர்த்தின படத்தையே கேட்டார். அப்படியானால் அதில் என் பெயர் வேண்டாம் என்றேன்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதலாளி அந்தப் படத்தைத்தான் திரையில் காட்டினார். பஸ்ஸை மட்டும் ஓட்டவில்லை. நான் எழுந்து, இரண்டு படத்திலும் பஸ்ஸை ஓட்டிக் காட்ட அனுமதி கேட்டேன். அங்கிருந்த அதிகாரி சரியென்றார். முதல் படத்தில் பஸ் ஒழுங்காகத் திரும்பியது. நகர்த்தின படத்தில் சக்கரம் நடைபாதையில் ஏறியது. மோனிகாவின் அம்மா அமிர்தவல்லி எழுந்து, "அத இன்னொரு வாட்டி ஓட்டும்மா" என்றார். ஓட்டினேன்.

முதல் படத்தில் இடிபடுவது யார் கடை என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எங்க கடதாங்க" என்றேன்.

மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

பெரிய வட்டத்தையே ஒப்புதலுக்கு அனுப்புகிறார்கள். முதலாளி இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். திண்டிவனத்தில் ஒரு ஆபீசில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்கும். மாமா நான் போடும் காப்பியைத் தொடுவதில்லை. ஆனால் கூட்டத்துக்கு மறுநாள் காலை, எப்போதும் மாமாவுக்குப் போகும் முதல் தோசையை அத்தை என் தட்டில் வைத்தார்.

மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் பனமலைக்கு உன் அம்மா வீட்டுக்குப் போ என்று எழுதியிருந்தீர்கள். கடை போவதில் எனக்கும் துக்கம்தான். அதை மாமாவிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நான் போட்ட கோட்டுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். பனமலைக்கும் போக மாட்டேன். நீங்கள் கூட்டிவந்து விளக்கேற்றச் சொன்ன வீடு இது. இங்கேதான் இருப்பேன்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வாருங்கள். வழியில் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேர வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். என்னைத் திருத்தலாம் என்று மட்டும் வராதீர்கள். என்னைப் பார்க்க வாருங்கள்.

உங்கள் மனைவி,
அனுஷா