கோட்டுக்குக் கீழே x

ஜூன் 3
கணக்கு வந்துவிட்டது! நாற்பத்திரண்டு வயதில், எனக்கு!

பதினாறு வருஷமாக இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை துவைக்கிறேன். மேற்பார்வையாளர் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டேன். இரண்டு முறையும் காலை வாரியது இந்த ஒரே பாடம்தான்: பின்னத்தில் கோட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும் x. மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இது மூன்றாவது.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "உங்க மெஷினையே கணக்காப் போடுங்க அண்ணி" என்றாள். போட்டேன். இரண்டு மெஷினும் சேர்ந்தால் காலைத் துணி இரண்டு மணி நேரத்தில் முடியும். தனியாக ஓடினால் பழையதற்குப் புதியதைவிட மூன்று மணி நேரம் அதிகம். புதியதற்கு x.

1/x + 1/(x+3) = 1/2

கீழே இருப்பதையெல்லாம் கொண்டு பெருக்கினேன், பின்னமே காணோம்! x = 3. இல்லாவிட்டால் −2. மைனஸ் இரண்டு மணி நேரத்தில் துவைக்கிற மெஷின் இருந்தால் வீட்டுக்கும் ஒன்று வேண்டும்.

ஜூன் 4
பழைய மெஷினில் பெல்ட் அறுந்துவிட்டது. புதியது மட்டும் ஓடியது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம், ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் வாயைப் பிளந்துகொண்டு நான் நின்றது.

ஜூன் 9
நாத்தனார் கொடுத்த முப்பது கணக்கில் ஐந்து தப்பாம். சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம். வழி சரி, பெருக்கல் சரி, பிறகு என்னடி தப்பு?

விடையை எடுத்துக் கோட்டுக்குக் கீழே x இருக்கும் இடத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன். பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, ஆகவே அந்த விடை செல்லாது. பின்னத்தை முன்வாசலில் துரத்தும்போது பின்வாசலில் நுழைந்துவிட்ட பொய் விடை!

"ஒரு போர்வையையாவது வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்காம மடிப்பீங்களா அண்ணி? இத மட்டும் ஏன் அப்படியே மடிச்சு வைக்கிறீங்க?"

பதினாறு வருஷம் செய்கிற வேலை, நோட்டில் மட்டும் மறந்திருக்கிறேன்.

ஜூன் 10
ஐந்தும் மறுபடி போட்டேன். ஐந்தும் சரி. தரையில் கால் நிற்கவில்லை.

ஜூன் 17
தேர்வு. கடைசிக் கேள்வி:

x/(x−2) + 1 = 2/(x−2)

மளமளவென்று வந்தது, x = 2. அடிக்கோடுகூடப் போட்டுவிட்டேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டில் இரண்டு போனால்... ஐயோ, பூஜ்ஜியம். அப்படியானால் விடை? விடையே இல்லாத கேள்வியை யாராவது கேட்பார்களா? அடித்துவிட்டு "தீர்வு இல்லை" என்று எழுதினேன்.

வெளியே வந்தால் எல்லோர் வாயிலும் ரெண்டு, ரெண்டு. எங்கள் சமையல்கூடத்து அண்ணன் வேறு, "ரெண்டுதானேம்மா, சும்மா தூக்கிக் குடுத்திருக்கான்" என்றார். போச்சா? மூன்றாவதும் போச்சா?

நாத்தனாரைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். நானே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். கீழே பூஜ்ஜியம்தான். இதில் இன்னொருத்தியைக் கேட்க என்ன இருக்கிறது?

ஜூலை 22
டீ நேரத்தில் சமையல்கூடத்து அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்தார். அவருக்கு இது முதல் தடவைதான், அடுத்த வருஷம் எழுதலாம். "அந்த ரெண்டு எப்படிம்மா தப்பாச்சு?" என்றார். கீழே போட்டுப் பாருங்கண்ணே என்றேன். ஃபேன் காற்றில் காகிதம் பறந்தது. என் சாவிக்கொத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். சலவைக்கூடத்துச் சாவி, மேற்பார்வையாளரிடம் மட்டும் இருப்பது. காலையில்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.