கப்பலில் இருந்தவர்களையும் கேட்பார்களாம்

பீலெஃபெல்ட்,
2.4.2025

அன்பின் கவிசாவின் அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்தை லண்டனிலிருந்து ஐங்கரன் அண்ணைதான் சொல்கிறார். சாப்பிடுகிறீர்களாம், ஒருவரோடும் கதைக்கிறதில்லையாம். தம்பியை என்ன செய்கிறதென்று தெரியேல்லை என்று அவர் கவலைப்படுகிறார். ரெலிபோனை எடுக்காத மனிதருக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

கால் பரவாயில்லை. உடம்பைத் தேற்றி அனுப்பும் இந்த ரீஹா நிலையத்தில் காலையில் நடைப்பயிற்சி, பின்னேரம் தண்ணீருக்குள் பயிற்சி. ஒற்றைக் கைத்தடியோடு இரண்டாம் மாடிவரை ஏறிவிடுவேன். சாப்பாட்டில்தான் உப்புமில்லை, உறைப்புமில்லை. கவிசா ஞாயிறு தவறாமல் ஹனோவரிலிருந்து கத்தரிக்காய்க் குழம்போடு வருகிறாள். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாள். உங்களுக்குச் சொல்லத்தான் முதலில் ரெலிபோன் அடித்தாளாம்.

பக்கத்துக் கட்டிலில் பிரிங்மன் என்றொரு ஜெர்மன் பெண்மணி. இடுப்பெலும்பு முறிந்து வந்தவர். அவருடைய தாய்வழியில் பெல்டிங் என்று ஓர் ஆங்கிலேயக் கடற்படைக் கப்டன் இருந்திருக்கிறார். இருநூறு வருடத்துக்கு முன்னர், பாய்க்கப்பல் காலத்தில், ஹனோவரில் பெண் எடுத்தவராம். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களை இவர் கட்டிலில் இருந்தபடி ஜெர்மனில் மொழிபெயர்க்கிறார். நான் ஊர்க்கதையெல்லாம் கிண்டிக் கேட்கிற விடுப்புக்காரி என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்களே, சும்மா இருப்பேனா?

அந்த மனிதர் பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறியிருக்கிறார். தாய் எப்படி மனம் வந்து விட்டாள் என்று கேட்டேன். உடுப்பு யார் தோய்த்தது என்றும் கேட்டேன். பிரிங்மனுக்குத் தெரியவில்லை, ஆனால் பிஸ்கட்டை மேசையில் தட்டிப் புழுவை உதிர்த்துவிட்டுத் தின்பார்கள் என்று தெரிந்திருந்தது. பத்தொன்பது வயதில் மூன்று கப்டன்மார் முன்னால் நின்று வாய்ப் பரீட்சைக்குப் பதில் சொல்லி லெப்டினன்ட் ஆனார். பிறகு கப்டன். சண்டை ஓய்ந்ததும் கப்பல் இல்லை. அரைச் சம்பளத்தைக் கொடுத்துக் கரையில் இருத்திவிட்டார்கள். ஆறு வருடம் ஹனோவரில் மாமியாரின் முகத்தைப் பார்த்தபடி, கப்பல் தாருங்கள், கப்பல் தாருங்கள் என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருந்தாராம். பாவம்தான், என்றாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் ஒரு கப்பல் கிடைத்தது. எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் திருகோணமலைக்கு! பெயரைக் கேட்டதும் நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கரைக்குக் கிட்டவே அவ்வளவு ஆழமா, கோயில் மலை கடலிலிருந்து தெரியுமா என்று இப்போது பிரிங்மன் என்னைக் கேட்கத் தொடங்கினார். பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் துறைமுகத்தைக் கீறிக் காட்டினேன்.

மூன்றாம் வருடம், மழை மூட்டத்தில் கப்பல் பாறையில் ஏறி உடைந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். கப்டன் தப்பினார். தப்பியவரை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். மழைக்கு இந்த மனிதர் என்ன செய்வார் என்று நான் கோபப்பட்டேன். பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கப்பலை இழந்த எந்தக் கப்டனும் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டுமாம். வாளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஏழு கப்டன்மார் முன்னால் நின்றார்.

அப்போது உங்களைத்தான் நினைத்தேன். பெப்ரவரி எட்டாம் திகதி அந்த நெடுஞ்சாலையில் நீங்கள் ஓட்டிய எங்கள் காரோடு சேர்த்துப் பதினொரு வாகனம் சறுக்கியது. தெருவில் பனி கட்டியாக உறைந்திருந்தது, ஓட்டியவரில் பிழையில்லை என்று பொலிஸே எழுதிக் கொடுத்துவிட்டது. நீங்கள் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை. நீங்களே வழக்கு, நீங்களே நீதவான். லண்டனில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

அந்த விசாரணையில் இரண்டு கேள்வி வழமையாம். உன் ஆட்கள்மேல் உனக்கு முறைப்பாடு உண்டா என்று கப்டனைக் கேட்பார்கள். பிறகு தப்பிய மாலுமிகளைப் பார்த்து, உங்கள் கப்டன்மேல் உங்களுக்கு முறைப்பாடு உண்டா என்று கேட்பார்கள். ஒருவர் தவறாமல் இல்லை என்றார்களாம். வாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் சின்னதாக ஒரு கப்பலும் கொடுத்தார்கள். பழைய ஆட்களில் பாதிப்பேர் அதிலும் ஏறினார்களாம். பிரிங்மன் இதை வாசித்தபோது நான் அழுதுவிட்டேன். கால் நோவாக்கும் என்று அவர் தாதியைக் கூப்பிட்டுவிட்டார்.

காரில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதனால் கேளாமலே சொல்கிறேன். பெப்ரவரி எட்டாம் திகதியைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள், உன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். என் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. கால்தான் முறிந்தது. ஆறு கிழமையாக, அங்கேயும் இங்கேயும், அறைக் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அது நோகிறது, அப்பா. உண்மையாகவே நோகிறது.

வருகிற பதினோராம் திகதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னை வீட்டுக்கு விடுகிறார்கள். கவிசா தன் காரில் வந்து ஏற்றுவதாகச் சொன்னாள். ஓம், கார் வரட்டும், ஆனால் ஓட்டுகிறது அப்பாதான், திறப்பை அவரிடம் கொடு என்று சொல்லியிருக்கிறேன். ஹனோவரில் எங்கள் வீட்டுக்கு, கார் சறுக்கிய அதே தெருவால்தான் போக வேண்டும். மெதுவாகவே ஓட்டுங்கள், எவ்வளவு நேரம் எடுத்தாலும் எனக்குப் பரவாயில்லை.

கோணேசப் பெருமான் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கவிசா பின் சீட்டில் இருப்பாள். முன்னுக்கு, உங்கள் பக்கத்தில், நான்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் கலாதேவி