அப்பாவின் பிளேயருக்கு எண்ணெய் விட்ட வாரம்

டிசம்பர் 4, 1972. திங்கள். மழை, விட்டு விட்டு.

ஆழ்ந்த வருத்தத்துடன் வெளியிடப்படும் செய்தி: மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வசிக்கும் மாண்புமிகு ரெக்கார்டு பிளேயர் அவர்களுக்கு நேற்று மாலை முதல் தொண்டையில் கீச்சு. தட்டு ஒரு சுற்று வந்தால் ஒரு கீச். சக்கரத்தில் எலி மாட்டிக்கொண்ட மாதிரி. கொடிகள் அரைக்கம்பத்தில். பள்ளிக்கூடத்துக்கு லீவு மட்டும் கிடையாதாம்.

நாளை சரித்திரப் பரீட்சை. அந்தச் சூட்டில் பிளேயரின் சரித்திரமும்:

தோற்றம் – ஜெர்மனி.
வருகை – பல்லாவரத்து ஆங்கிலோ-இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது அப்பாவிடம் விற்றது.
விலை – சொல்லும்போது அம்மாவுக்கு இன்னமும் குரல் இறங்கிவிடும்.
ஆட்சி – சர்வாதிகாரம். அப்பா தவிர யாரும் தொடக் கூடாது. கிட்டே நின்று மூச்சு விட்டாலும் ஈரம் பட்டுவிடுமாம்.
குடிமக்கள் – நான், தங்கை மெர்சி (எட்டு வயது, இரண்டு பல் முளைக்கப் பாக்கி).

ராத்திரி சாப்பிடும்போது அப்பா: "சனிக்கிழமை வரைக்கும் தாங்கணுமே." மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டு இரண்டு தரம் சொன்னார்.

சனிக்கிழமைதான் சர்ச் பாடகர் குழு எங்கள் வீட்டுக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாட்டு. அப்பாதான் நடத்துகிறார். அப்பாவுக்கு நோட்டேஷன், அதாவது இசைக் குறிப்பு, படிக்கத் தெரியாது. ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். ரெக்கார்டைப் போட்டு, கண்ணை மூடி, சோப்ரானோ, ஆல்டோ (பெண்கள்), டெனர், பேஸ் (ஆண்கள்) என்று ஒவ்வொரு வரியையும் காதாலேயே பிரித்தெடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் பாடிக் காட்டுவார். போன சனிக்கிழமை யாருக்கும் பிடிபடவில்லை. இந்தச் சனியும் சரிவராவிட்டால் ஹார்மோனியம் எபனேசர் சார் (இனி எ.சா.) பொறுப்பை எடுத்துக்கொள்வார். வருஷா வருஷம் பாடும் அதே பழைய பாட்டுதான். பாடகர் குழு, பாடுவதைவிடப் பாடுபடுத்துவது அதிகம்.

கீச்சுக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. அம்மாவின் தையல் மிஷின் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தது. ரெண்டு சொட்டு எண்ணெய். கப்சிப். 

டிச. 5. செவ்வாய். மேகமூட்டம்.

சரித்திரம் – பரவாயில்லை. அசோகர் மரம் நட்டார். நானும் நட்டேன், பக்கத்து பெஞ்சுக்காரன் பேப்பரைப் பார்த்து.

மாலை அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போனாள். ஆபரேஷன் ஆரம்பம். டாக்டர் நான். நர்ஸ் மெர்சி, கையில் டார்ச்.

ரெக்கார்டு வைக்கும் தட்டைத் தூக்கினேன். சரியான கனம். அடியில் பார்த்தால் விஷயம் ரொம்பச் சின்னது. மோட்டார் சுற்றி ஒரு ரப்பர்ச் சக்கரத்தைச் சுற்றுகிறது. ரப்பர்ச் சக்கரம் உரசிக்கொண்டே தட்டைச் சுற்றுகிறது. இவ்வளவுதான் ஜெர்மனி.

தையல் மிஷின் எண்ணெய் டப்பா. மூக்கு அடைத்திருந்தது. அழுத்தினேன். வரவில்லை. இன்னும் அழுத்தினேன். குபுக்.

ரெண்டு சொட்டு போட நினைத்தது, சொட்டச் சொட்ட ஆகிவிட்டது. ரப்பர்ச் சக்கரத்துக்குத் தலை முதல் கால் வரை எண்ணெய்க் குளியல். என் சட்டையாலேயே துடைத்தேன். தட்டை வைத்தேன். போட்டேன்.

கீச்சு போயே போச்சு!

டாக்டருக்கு நர்ஸ் கை தட்டினாள். வெற்றியைக் கொண்டாட ஒரு ரெக்கார்டு. பாட்டு ஆரம்பித்தது. மெர்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அண்ணா, இந்த ஆன்ட்டி ஏன் அங்கிள் மாதிரி பாடறாங்க?"

உண்மைதான். தட்டு வழுக்குகிறது. மெதுவாகச் சுற்றுகிறது. இசைத்தட்டு இசைய மறுக்கிறது.

மூடி வைத்து, அம்மா பூ வேலை செய்த துணியையும் பழையபடி போர்த்திவிட்டோம். சட்டை கொல்லையில், கொய்யா மரத்துக்குப் பின்னால்.

டிச. 6. புதன். மழை.

கணக்குப் பரீட்சை. கணக்கில் வராது.

குமரேசனிடம் ஆலோசனை. செம்பாக்கம் பையன், அவன் அப்பாவுக்கு ரைஸ் மில் இருக்கிறது, ஆகவே மெஷின் விஷயத்தில் அவன்தான் எங்கள் வகுப்புக்கு ஐகோர்ட்டு.

"இன்னாடா பண்ணே?"

சொன்னேன்.

"ரப்பர்ல எண்ணெய வுட்டியா! பேஜார் புடிச்சவனே! மில்லுல பெல்ட்டு வழுக்குனா ஆளுங்க ஏதோ பவுடரு தூவுவாங்க. அத்த மாதிரி ஏதாவது தூவு."

"ஏதாவதுன்னா?"

"பவுடர்னா பவுடரு தாண்டா. வூட்ல கேரம் போர்டு கீதில்ல?"

ஏரி நிரம்பி அவன் தெருவில் விறால் மீன் துள்ளுகிறதாம். அதையும் சொன்னான். எனக்குக் கேட்கிற நிலைமை இல்லை.

டிச. 7. வியாழன். வெயில் எட்டிப் பார்த்தது.

கேரம் பவுடர் தூவியாகிவிட்டது. எண்ணெயும் பவுடரும் சேர்ந்து பஜ்ஜி மாவு. காய் வழுக்குவதற்காகப் போடுகிற பவுடரைத் தட்டு வழுக்காமலிருக்கப் போட்ட மேதை இந்தியாவிலேயே நான் ஒருவன்தான் என்பது தூவி முடித்த பிறகு உறைத்தது. சுரண்டி எடுத்தோம். மெர்சியின் மூக்கு நுனியில் வெள்ளை. அம்மா: "என்னடி, திருட்டுத்தனமா பவுடர் போட்டியா?" அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். நல்ல பெண்.

கேக்குக்கு முந்திரி வாங்க மார்க்கெட் போனேன். கடையில் எ.சா. முதுகைக் காட்டி நின்று யாரிடமோ:

"ஞானமுத்து நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா பெட்டி பாடணும், அவர் கேட்டுச் சொல்லணும். பெட்டி வாயை மூடிக்கிச்சுன்னா? அதுக்குத்தான் சொல்றேன், தெரிஞ்ச பாட்டே போதும்."

ஞானமுத்து என்பது அப்பா. முந்திரி வாங்காமலே திரும்பிவிட்டேன். பிறகு மறுபடி போனேன்.

அப்பா ஏழு மணி வண்டியில் வந்தார். மாத முதல் வாரம், ஆபீஸில் வேலை அதிகம். பிளேயர் பக்கம் போகவில்லை. சாப்பிடும்போது டெனர் வரியை முணுமுணுத்துக்கொண்டு, ரசக் கரண்டியால் தாளம். ஓர் இடத்தில் தடுக்கியது. மறுபடி. மறுபடி. "நாளைக்குப் போட்டுக் கேட்டுக்கறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.



டிச. 8. வெள்ளி. இடி, மழை.

கண்டுபிடித்துவிட்டார்.

வந்ததும் கால் கழுவி, பிளேயர் மேலிருந்த துணியை மடித்து வைத்து, ரெக்கார்டைப் போட்டார். சோப்ரானோ அம்மையார் தடியன் குரலில் ஆரம்பித்தார். அப்பா ஊசியைத் தூக்கினார். தட்டைத் தூக்கினார். விரலால் தொட்டார். முகர்ந்தார்.

"யார் தொட்டது?"

சத்தமே இல்லாமல் கேட்டார். அப்பா சத்தம் போடாதபோதுதான் பயம்.

இங்கேதான் அடியேன் நேரே போய் முன்னால் நின்றேன். மார்பை நிமிர்த்தி: "நான்தான்பா. நல்லது பண்ண நெனச்சேன், இப்படி ஆயிடுச்சு. என்ன தண்டனைன்னாலும் சரி." குரலில் ஒரு நடுக்கம்? கிடையாது. மெர்சி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பயப்படாதே என்று கண்ணாலேயே சொன்னேன். என் தைரியத்தைப் பார்த்து அப்பாவுக்கே பேச்சு வரவில்லை. அம்மா சமையலறை வாசலில் கண்ணைத் துடைத்தாள் (வெங்காயமாகவும் இருக்கலாம்).

அப்பா அடிக்கவில்லை. வெகுநேரம் சக்கரத்தைத் துணியால் துடைத்தார். திரும்பப் போட்டார். அதே தடியன். எண்ணெய் குடித்து ரப்பர் ஊறிப்போய்விட்டதாம்.

அம்மா: "நாளைக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடலாமா?"

அப்பா: "சொல்லி அனுப்பினா, அத்தோட சரி."

டிச. 9. சனி. காலையில் தூறல், மாலை நல்ல மழை.

உள்ளே இருபது பேர், வெளியே இருபது குடை. எங்கள் வீட்டில் இத்தனை செருப்பை நான் பார்த்ததில்லை. இடது கால்களை மட்டும் இடம் மாற்றி வைக்கலாமா என்று ஒரு யோசனை. மனசு வரவில்லை. அவ்வளவு மோசமான நிலைமை.

எ.சா. ஹார்மோனியத்தோடு வந்தார். மூடியைத் திறக்காமல், அதன் மேல் கை வைத்து உட்கார்ந்தார்.

அப்பா எழுந்து: "மெஷின் இன்னிக்கு மெதுவாத்தான் ஓடும். கொஞ்சம் பொறுத்துக்கிட்டுக் கேளுங்க." யார் கெடுத்தது என்று சொல்லவில்லை. ஊசியை வைத்தார்.

சோப்ரானோ – தடியன். பேஸ் – செம்பாக்கம் ஏரியில் எருமை.

டெனர் அண்ணன்மார் சிரிப்பை அடக்கித் தோளெல்லாம் குலுங்கியது. ஒருவர்: "சார், அவங்களுக்கும் இந்த மழையில ஜுரமா?" எல்லாரும் விழுந்து விழுந்து. எ.சா. சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா காது மடல் சிவந்தது. ஊசியைத் தூக்கக் கை போனது.

"சார், எடுக்காதீங்க!"

ஆல்டோ வரிசை லில்லி அக்கா. தபாலாபீஸில் வேலை. யார் சிரித்தாலும் முதலில் சிரிக்கிறவர், இப்போது சிரிக்கவில்லை. "மொதல்லேருந்து போடுங்க சார். எங்க வரி இன்னிக்குத்தான் காதுல விழுது. போன வாரம் எல்லாம் ஒண்ணா ஓடிப்போச்சு."

அப்பா மறுபடி போட்டார். லில்லி அக்கா உதடு மட்டும் அசைத்தார். மூன்றாம் தரம் ஆல்டோ முழுக்க. அடுத்த தரம் டெனர், சிரிப்பில்லாமல். அப்பா ஒவ்வொரு வரிசைக்கும் போய்க் குனிந்து, விரலால் ஏற்றி இறக்கிக் காட்டினார். போன வாரம் உச்ச ஸ்வரத்துக்கு எம்பி எம்பி விழுந்த சோப்ரானோ ஆன்ட்டிகள் இன்று நின்றபடியே தொட்டார்கள். மெதுவாகச் சுற்றினால் சுதியும் இறங்கும் அல்லவா.

பிறகு எல்லாரும் சேர்ந்து. பாதிப் பாட்டில் சக்கரம் சூடேறியதோ என்னவோ, தட்டு தள்ளாடியது. இன்னும் மெதுவாக. தடியன் பேயானான். பேய் ஏப்பம் விட்டது. தட்டு நின்றேவிட்டது.

பாட்டு நிற்கவில்லை.

யாரும் பிளேயரைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கை மேலே இருந்தது, எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள். நாலு குரலும் தனித்தனியாக, ஒன்றாக. எனக்கு ரோமம் குத்திட்டு நின்றது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றது.

எ.சா. ஹார்மோனியத்தைத் திறந்தார். கட்டை கட்டையாகத் தடவித் தேடினார். கிடைத்தது. சேர்ந்துகொண்டார். முடிந்ததும்: "ஒரு கட்டை கீழே நிக்குது, ஞானமுத்து. இதுலயே வெச்சுக்குவோம். நம்ம தொண்டைக்கு இதுதான்."

"சரி, சார்" என்றார் அப்பா.  அம்மா காப்பி கொண்டுவந்தாள். நான் டம்ளர் பொறுக்குகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

ஆக, என் எண்ணெயின் மகிமை. கிறிஸ்துமஸ் ஆராதனைத் தாளில் கடைசியில் 'எண்ணெய் உதவி' என்று என் பெயரைப் போட வேண்டும்.

டிச. 10. ஞாயிறு. மழை இல்லை. ஈர வெயில்.

சர்ச் முடிந்து வரும் வழியில் எதிர்ப்பட்ட குமரேசனிடம், வெள்ளிக்கிழமை நான் அப்பா முன்னால் நின்ற கதையை நடித்தே காட்டினேன். "கெத்துடா மச்சான்!" என்றான். மெர்சி பக்கத்தில் நின்று நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கொட்டையைத் துப்பினாள்.

அது தாங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் யார் முன்னாலும் நிற்கவில்லை. ரெக்கார்டு தடியன் குரலில் ஆரம்பித்ததுமே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வாளியில் தண்ணீர் இல்லை. குளிக்கிற சத்தம் வேண்டுமே என்று வெறும் சொம்பால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கதவு வழியாகக் கேட்டது:

"நான்தான்பா எண்ணெய் விட்டேன். அது கீச் கீச்சுனு அழுதுச்சு. பாவமா இருந்துச்சு."

"தட்டைத் தூக்கினது?"

"...நான்தான்."

"உன்னால தூக்க முடியாதேம்மா."

மெர்சி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அண்ணன் எங்கே?"

"குளிக்கிறான்."

அப்போது நான் சொம்பைத் தட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் எழுதியதிலும் அதைத் திருத்தவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தபோது நடந்தது போலவே இருந்தது.

இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா முன்னறையில் செய்தித்தாள் விரித்து, ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி நடுவில் வைத்தார். பஞ்சு, அம்மாவின் ஸ்பிரிட் பாட்டில். இதில் சரியாகாவிட்டால் மவுண்ட் ரோடில் புதுச் சக்கரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். யாரையும் கூப்பிடவில்லை. எதிரே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

வாசலில் நின்றேன். போனேன். உட்கார்ந்தேன். மூன்று நாளாக மனசுக்குள் வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வரவில்லை. எனக்குக் குரல் வேறு இந்த வருஷம் உடைந்துகொண்டிருக்கிறது. "நான்தான்பா" என்றேன். 'நான்' பெண் குரலில் போய், 'தான்' தடியன் குரலில் இறங்கி, 'பா' வெறும் காற்றாக வந்தது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கும் ஸ்பீடு சரியில்லையா?"

பஞ்சைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.