இடது கண்ணில் ஒட்டிய பிளாஸ்திரி

கோல்பர்ன்
ஆகஸ்ட் 11

அன்புள்ள பிரானுக்கு,

நீயும் மாப்பிள்ளை கேலமும் பேத்தி ஐலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அபர்டீனில் இந்த ஆண்டாவது கோடை தலையைக் காட்டியதா தெரியவில்லை. இங்கே கடுங்குளிர்காலம், நாங்கள் நலம். உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, தோட்டத்துக் குழாய் மூன்று நாளாகக் காலையில் உறைந்து கிடக்கிறது, நாய்க்கு வயதாகிவிட்டதால் பனியில் இறங்க மறுத்து வாசல் மிதியடியிலேயே காரியத்தை முடிக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரன் வேலியை என் பக்கம் ஓரடி தள்ளி நட்டிருக்கிறான், அவனோடு நான் பேசுவதில்லை. நான் பாடம் எடுக்கும் பள்ளியில் என்னைவிடப் பதினைந்து வயது இளையவளை அறிவியல் துறைக்குத் தலைவியாக்கினார்கள், அவளோடும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. "இப்படியே போனா கடைசியில நாயோடதான் பேசணும் ரஸ், அதுக்கும் காது கேக்கல" என்கிறாள் உன் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஐலா நல்ல கண்ணில் இருந்த பிளாஸ்திரியை உரித்து மங்கல் கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். நீ அவளிடம், "நானும் உன்னை மாதிரிதான் திருட்டுத்தனம் பண்ணினேன், அதான் அம்மாவுக்கு ஒரு கண்ணு சரியா தெரியல, உனக்கும் அப்படி ஆகணுமா" என்று கத்தினாய். குழந்தை அழுதாள். நான் திரையின் மூலையில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

உனக்கு மூன்று வயதில் நான் கான்பெராவில் ஆய்வுக்கூடத்தில் இருந்தது உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கலாம். சின்னக் கங்காரு இனமான வாலபியின் குட்டிகள், அவற்றின் கண்ணையும் மூளையையும் ஆராய்வது என் வேலை. பிறக்கும்போது அந்தக் குட்டி ஒரு அவரைக்கொட்டை அளவுதான், கண் மூடியபடியே மாதக்கணக்கில் தாயின் பைக்குள் கிடக்கும், அந்த இருட்டில்தான் இரண்டு கண்ணின் நரம்புகளும் மூளைக்குள் போய் முதலில் ஒன்றோடொன்று கலந்து, பிறகு பிரிந்து தனித்தனியாக இடம்பிடிக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்த வேலை பிறந்த பிறகும் சில வருஷம் நடக்கிறது. எந்தக் கண் தெளிவான படம் அனுப்புகிறதோ அது மற்றதன் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். சின்ன வயதில் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் மற்றது இடத்தைத் திரும்பப் பிடிக்கும், காலம் கடந்தால் மூளை இறுகிவிடும். இதற்குச் சோம்பேறிக் கண் என்று எவன் பெயர் வைத்தானோ, அது சோம்பேறி இல்லை, அதற்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதைப் பற்றி நான் எழுதிய கட்டுரை அச்சில் இருக்கிறது. அதனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லவே முடியாது.

டெரெக் பாஸ்கோவை நீ கேள்விப்பட்டிருப்பாய், இந்த வீட்டில் அவன் பெயரை நான் நல்லவிதமாகச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு வரவேண்டிய ஆய்வுக்கூடத் தலைமைப் பதவி அவனுக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று உன்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். தாயின் பைக்குப் பதிலாகத் தலையணை உறைக்குள் போட்டுக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த ஒரு குட்டியை நீ எட்டிப் பார்த்தாய். பாஸ்கோ சொன்னான், "பொண்ணு தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்குறா ரஸ், இடது கண்ணை யார்கிட்டயாவது காட்டு, உனக்குத் தெரியாததா". "நீ வாலபிக் குட்டியைப் பாரு, என் குட்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பதினான்கு மாதம் உன்னை யாரிடமும் காட்டவில்லை. அவன் சொல்லிவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காக. கடைசியில் பாலர் பள்ளிக்கு வந்த நர்ஸ் கண்டுபிடித்து உன் அம்மாவிடம் சொன்னாள்.

பிறகு பிளாஸ்திரி வந்தது. உன் அம்மா மதிய ஷிப்டில் இருந்ததால் நீ பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் அதை ஒட்டுவது என் பொறுப்பு. நீ உதைப்பாய், கடிப்பாய். ஒட்டிய பிறகு புத்தகத்தை மூக்கில் இடித்துக்கொண்டு பார்த்து, ஒன்றும் தெரியாமல் என் மடியைவிட்டு இறங்கிப் போய்விடுவாய். ஒரு நாள் மாலை நான் கூடத்துக்கு வந்தபோது நீ முக்காலியில் ஏறி நிலைக்கண்ணாடி முன் நின்றிருந்தாய். வலது கண்ணிலிருந்து மெதுவாக உரித்து இடது கண்ணில் ஒட்டி, நான் அழுத்துவது போலவே கட்டைவிரலால் ஓரமெல்லாம் அழுத்தினாய். பிறகு புத்தகத்தோடு வந்து என் மடியில் ஏறி ஒவ்வொரு படமாகப் பெயர் சொன்னாய். பிளாஸ்திரி தவறான கண்ணில் இருக்கிறது என்று உலகத்தில் வேறு யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை பிரான். நீ மடியில் இருந்தது பிடித்திருந்தது. அதோடு, தினமும் நீ அழும்போதெல்லாம் பாஸ்கோ சொன்னதுதான் சரி என்று அந்த அழுகையே சொல்வது போல என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றைக்கு மட்டும் என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று, அடுத்ததும்.

உனக்குப் பத்தொன்பது வயதில், ஹெலிகாப்டர் பயிற்சிக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்தாய். "தப்பு என்னோடதுதாம்பா, நான்தான் உங்களுக்குத் தெரியாம மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டேன்" என்றாய். நான் கியரை மாற்றினேன். யாஸ் ஊர் வரும்வரை மழையைப் பற்றிப் பேசினேன். அந்தப் பயணத்தை நான் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை பாஸ்கோவுக்கு போன் செய்தேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு. ஐலாவுக்கு நாலு வயது, காலம் கடந்துவிட்டதா என்று கேட்டேன். "இல்லப்பா, நிறைய நேரம் இருக்கு, ஒழுங்கா ஒட்டினா போதும்" என்றான், பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இந்தத் தடவை நீயே கேட்டியே" என்றான். அவனை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

குழந்தையைத் திட்டாதே. பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் நேரத்தில் எழுத்து வேண்டாம், பெரிய கட்டைகள், வண்ண மாவு, பந்து இப்படிக் கொடு, கேலமையும் கூட உட்காரச் சொல். தோல் சிவந்தால் பாலாடை தடவாதே, மருத்துவரைக் கேள். உன் கண்ணைக் காட்டி அவளைப் பயமுறுத்தாதே, நாலு வயதில் நீ செய்தது எந்தக் குழந்தையும் செய்வது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நான் யாரையும் மன்னித்ததில்லை, அது எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் மூவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். அம்மா பின்னிய கம்பளிச் சட்டை தனியாக வருகிறது. செப்டம்பர் பரிசோதனையைத் தவறவிடாதே. ஐலா மறுபடி மாற்றி ஒட்டிக்கொண்டால் அழ அழவாவது சரியான கண்ணில் ஒட்டு, அதற்கு முன் ஒன்று மட்டும் செய். நீ பார்த்துவிட்டாய் என்று அவளிடம் சொல்.

அப்பா
ரஸ்