பச்சைமலை பஸ்ஸில் போட்ட துண்டு

உன் ஈரிழைத் துண்டு என் வீட்டு நாற்காலியின் முதுகில் கிடக்கிறது. காலையில் துவைக்கப் போடலாம் என்று என் மனைவி கையில் எடுத்தாள். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு முனையில் உன் பூஜை அறையின் பச்சைக் கற்பூர வாசனை இன்னும் இருக்கிறது. மறுமுனையில் நேற்றைய பஸ்ஸின் டீசல் வாசனை. ஆமாம், நேற்று நான் பச்சைமலைக்குப் போய் வந்தேன். தனியாக, பஸ்ஸில். உன்னிடம் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தனியாக பஸ் ஏறினேன் என்றால் நீ நம்ப மாட்டாய். கைலாசபுரம் தொழிற்சாலையில் ஒரே செக்‌ஷனில் இருபத்தாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். என் பயங்களின் முழுப் பட்டியலும் உனக்கு மனப்பாடம். மழை வருமோ, டயர் வெடிக்குமோ, வயிறு கெட்டுப்போகுமோ என்று குடை, மாத்திரை, பன் பாக்கெட் எல்லாம் கட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாய். தோளில் இந்தத் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான். என் மூட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்டா, மலைக்குப் போறியா, மருந்துக்கடை வைக்கப் போறியா?" என்பாய்.

மலைக்குப் போவதற்கு நீ வைத்திருந்த சட்டம் உலகத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. நேராகப் போகிற பஸ்ஸில் ஏறக்கூடாது. ரிசர்வேஷன் கூடாது. கார் என்ற பேச்சே கூடாது. பக்கத்து ஊர்வரை போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி, ஒரு டீ குடித்து, அடுத்த ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "கால் வச்சு இறங்காத ஊரெல்லாம் பார்த்த ஊரே இல்லடா" என்பது உன் வாதம். அப்படித்தான் வால்பாறைக்கு ஏழு பஸ் மாறிப் போனோம். மணப்பாறையில் ஆரம்பித்துப் பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்ட ஆரம்பித்தேன். நீ காதோடு வந்து சொன்னாய்: "நீ உங்க மாதாவைக் கூப்பிடு, நான் ரங்கநாதரைக் கூப்பிடறேன். நடுவுல டிரைவர் பாட்டுக்கு ஓட்டட்டும்." அன்றைக்கு வந்த சிரிப்பில் நாலு வளைவு எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நம் இருவருக்குள் வேலைப் பிரிவினை உண்டு. பஸ் உள்ளே நுழைந்ததும் நீ அதோடு கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பாய். நான் டீ வாங்கி வருவேன். ஜன்னல் வழியாக விழுந்த துண்டுக்கு நம் ஊரில் இருக்கிற மதிப்பை நீ பெரிதாகப் பேசுவாய். நெரிசலில் ஆளை ஆள் தள்ளுவான், காலை மிதிப்பான், ஆனால் சீட்டில் ஒரு துண்டு கிடந்தால், "ஆள் வருதுங்களா?" என்று கேட்காமல் உட்கார மாட்டான். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, ஒரு முழத் துணியை நம்புகிறார்கள் பார் என்று ஆச்சரியப்படுவாய்.

அந்தத் துண்டுதான் நம்மைப் பச்சைமலைக்குக் கொண்டுபோனது. துறையூர் பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு நாம் ஏற வேண்டியது கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகிற புளியஞ்சோலை பஸ். இரண்டு பஸ்கள் ஒட்டி ஒட்டி நின்றன. நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தாய். துடைத்த கையோடு, கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமலே, துண்டை ஜன்னலுக்குள் போட்டாய். நாம் ஆற அமர டீ குடித்தோம். பக்கத்து பஸ் கிளம்பிப் போனதைக்கூட இரண்டு பேரும் வேடிக்கை பார்த்தோம். பிறகு புளியஞ்சோலை பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர சீட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கிறார்.

"சார், இங்க துண்டு போட்டிருந்தேனே!" என்றாய், சண்டைக்குத் தயாராக.

"துண்டா? நான் வரும்போது சீட்டு காலியாத்தாங்க கிடந்துச்சு. நல்லா யோசிச்சுப் பாருங்க, எந்த வண்டியில போட்டீங்கன்னு."

நேரம் குறிப்பவரிடம் ஓடினோம். "பச்சமலை வண்டிங்களா? அது இந்நேரம் உப்பிலியபுரம் தாண்டியிருக்கும்" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். துண்டு போனால் போகிறது, கொல்லிமலைப் பக்கம் போகலாம் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "இடம் பிடிச்சாச்சுடா. நம்ம இடம் பச்சமலைக்குப் போயிண்டிருக்கு. நாம மட்டும் வேற எங்கயோ போனா எப்படி?" இதைக் கேட்டு நேரம் குறிப்பவரே சிரித்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் காத்திருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்து மேலே போனோம். மலை மேல் ஊரான டாப் செங்காட்டுப்பட்டியில் இறங்கி, பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் விசாரித்தால், கடைக்கார அம்மா உள்ளே போய்த் துண்டை மடித்து எடுத்துவந்தார்.

"உங்களுதுங்களா? நானும் அந்த வண்டியிலதான் வந்தேன். துறையூர்லேருந்து அந்த சீட்டுல ஒருத்தரையும் உக்கார விடலைங்க. சோபனபுரத்துல ஏறுவாங்க, மேல ஏறுவாங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன். நான்கூட நின்னுகிட்டுத்தான் வந்தேன்."

நீ துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய். அன்று சாயங்காலம் மரவள்ளித் தோட்டத்து ஓரம் நடக்கும்போது, "யாருன்னே தெரியாத ஆளுக்காக ஒரு மலை முழுக்க நின்னுண்டே வந்திருக்காடா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாய். அதன் பிறகு வேறு எந்த மலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு தடவை பச்சைமலை என்று ஆகிவிட்டது. ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தவர்கள் இதெல்லாம் ஒரு மலையா என்பார்கள். அவர்கள் காரில் போனவர்கள் என்று நீ அவர்களை மன்னித்துவிடுவாய்.

ஓய்வு பெற்ற பிறகும் போனோம். கடைசியாகப் போனபோது, திரும்பி வருகிற வழியில் துறையூர் பஸ் ஸ்டாண்டில் வைத்து நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதைப் பற்றி நாம் பிறகு பேசியதே இல்லை. நான் பேச விட்டதில்லை. மூட்டை மூட்டையாக மாத்திரை சுமந்தவன் நான். அன்றைக்கு என் பையில் எது எங்கே இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. போன் கையில் இருந்தது, நம்பரை அழுத்த முடியவில்லை. யாரோ ஒரு கண்டக்டர் போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினால் பாதியில் மறந்துபோகிறது. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம் அது.

நீ பிழைத்துக்கொண்டாய். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, உன்னோடு டாக்டரைப் பார்க்க நானும் வந்திருந்தேன். நீ கேட்ட முதல் கேள்வியே, "பஸ்ல மலைக்குப் போலாமோ டாக்டர்?" அவர் சிரித்துக்கொண்டே, "மூணு மாசம் போகட்டும் சார். அப்புறம் தாராளமா போயிட்டு வாங்க" என்றார். மூன்று மாதம் போனதும் உத்திர வீதியில் உன் வீட்டுக் கூடத்தில் வைத்து என்னிடம் கேட்டாய்: "எப்படா போலாம், பச்சமலைக்கு?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "மலை ரோட்டுல வேலை நடக்குதாம்டா. பஸ் விடலையாம்" என்றேன்.

"அப்படியா? சரி" என்றாய்.

அது பச்சைப் பொய். உன் உடம்புக்காகச் சொன்ன பொய் என்று பல நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இல்லை. அந்த பஸ் ஸ்டாண்டுத் தரையில் இன்னொரு தடவை உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. பயந்தது எனக்காகத்தான். ஒவ்வொரு வாரமும் நான் வருவேன், உன் மனைவி, என் மன்னி, காபி கொடுப்பார், நீ டம்ளரை வைத்துவிட்டுக் கேட்பாய்: "ரோடு முடிஞ்சுதா?" நான், "இன்னும் இல்லடா" என்பேன். ஒரு தடவை ஜல்லி கொட்டியிருக்கிறார்கள் என்றுகூட ஜோடித்தேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய். ஆடி மாதம் ஒரு விடிகாலை, தூக்கத்திலேயே போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்து நான் வந்திருந்தபோது மன்னி உள்ளேயிருந்து அந்த மஞ்சள் பையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். துண்டு, குரங்குக் குல்லா, ஒரு வேளைக்கு வேண்டிய மாத்திரைகள், தண்ணீர் பாட்டில்.

"இது மூணு மாசமா கதவோரமே இருந்தது. நீங்க எப்ப கூப்பிட்டாலும் கிளம்பணும்னு வச்சிருந்தார்."

"ரோட்டு வேலைன்னு சொன்னேனே, மன்னி..."

"அதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்க சொன்ன மறுநாளே சத்திரம் போய்த் துறையூர் பஸ் கண்டக்டரைக் கேட்டுண்டு வந்துட்டார். பஸ் நன்னா போறதாம். எனக்குக் கோவம் வந்தது, நேரா கேட்டுடுங்கோன்னேன். வேண்டாம்னுட்டார். அவன் பயந்துண்டிருக்கான், பயம் தெளிஞ்சா அவனே வந்து கூப்பிடுவான், அதுவரைக்கும் நான் ரோடு முடிஞ்சுதான்னு மட்டும் கேட்டுண்டிருக்கேன்னார்."

அடப்பாவி. எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டாயா? வாரா வாரம் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்திருக்கிறாய். நான் வாரா வாரம் அதைச் சாத்திவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். என்னைத் திட்டியிருக்கலாம். அந்தக் கண்டக்டரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தியிருக்கலாம். நீயாகத் தனியே போயிருக்கலாம். தனியாகப் போகக்கூட உனக்கு மனசு வரவில்லை பார், அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

அந்தப் பையைப் பாலக்கரையில் உள்ள என் வீட்டுக்கு எடுத்துவந்து எட்டு மாதம் பீரோவுக்குள் வைத்திருந்தேன். நேற்றுக் காலையில் எழுந்ததும் எதுவும் யோசிக்காமல் துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். குடை எடுக்கவில்லை. மாத்திரை எடுக்கவில்லை. என் மனைவி வாசலில் நின்று, "எங்க கிளம்பிட்டீங்க, வெறுங்கையோட?" என்றாள். பச்சைமலைக்கு என்றேன்.

காவிரிப் பாலம், கொள்ளிடம், டோல்கேட், மண்ணச்சநல்லூர். உன் சட்டப்படி அங்கே இறங்கி டீ குடித்தேன். துறையூரில் பச்சைமலை பஸ் வந்ததும், இந்த வயதில், அதோடு கூடவே ஓடினேன். போர்டை இரண்டு தடவை படித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டேன். ஏறிப் போய் உள்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். துண்டு ஜன்னலோரத்தில் அப்படியே கிடந்தது.

கூட்டம் ஏறியது. ஒரு இளைஞன், "ஆள் வருதுங்களா?" என்றான். "வருதுப்பா" என்றேன். உப்பிலியபுரத்தில் ஒருவர் கேட்டார். அவருக்கும் அதேதான். வாய் கூசவில்லை, உன்னிடம் பழகிய பொய்தானே. சோபனபுரத்தில் ஒரு பெண் காய்கறி மூட்டையோடு ஏறினார். அவர் கேட்கவில்லை. துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பஸ் மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவில் அவர் சாய்ந்து, மூட்டையைக் காலால் அணைத்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்தார். யாரென்று தெரியாத ஆளுக்காக இன்னொருத்தி நின்றுகொண்டே மலையேறுகிறாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா. ஆள் வராது" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன் சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "துண்டு கிடந்துச்சேங்க?" என்றார்.

"என் ஃபிரெண்டோடதும்மா. வரணும்னு ரொம்ப ஆசைப்பட்டான். நான்தான் கூட்டிட்டு வரலை."

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. முகம் தெரியாத ஒருவரிடம், மூன்றாவது வளைவில் சொன்னேன். அவர், "மேல குளிரும்ங்க, கழுத்துல சுத்திக்குங்க" என்றார். சுற்றிக்கொண்டேன். கண்ணைத் துடைக்கவும் அது வசதியாக இருந்தது. ஜெபமாலை சட்டைப் பையிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. எல்லா வளைவுகளையும் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

இந்தத் துண்டை மன்னியிடம் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அடுத்த வருஷமும் போவேன். ஏறினதும் பக்கத்தில் யாரையாவது உட்காரச் சொல்லிவிடுவேன்.

ரோடு முடிஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே. முழுக்கப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். ரோடு நன்றாக இருக்கிறதடா. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.